வண்டிக்கு வந்த துவையல்

தென்காசியில் நான் பிறந்த தெரு நேரே போய்க் குற்றாலம் ரோட்டில் முட்டும். அந்த முக்கில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, ஒரு தோசைக்கடை இருந்தது. ஓலைச் சாய்ப்பு, ஒரு அடுப்பு, பின்னால் ஒரு கிணறு, அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒரு பலகை. அதில் ஆம்பளைகள் உட்காருவார்கள். பொம்பளைகளுக்கு எல்லாம் வண்டிக்கே வந்துவிடும்.

சாரல் மாசம் வந்தால் பாவூர், சுரண்டை, கடையம் என்று எங்கிருந்தெல்லாமோ கூண்டு வண்டிகள் வரும். காலையில் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் உச்சிக்குள் திரும்பும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி சொல்லவா வேண்டும்! பூவரச மரத்தடியில் வண்டி நிற்கும். கடைக்காரர் முன்பக்கம் போய் ஆண்களுக்குக் கொடுப்பார். அவர் சம்சாரம் பின்பக்கம் போய்த் திரையைக் கொஞ்சம் விலக்கித் தேக்கிலையில் தோசையை நீட்டுவாள். உள்ளேயிருந்து வளையல் போட்ட ஒரு கை வரும், இலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். முகம் தெரியாது. சின்னப் பிள்ளையாக அந்தக் கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிவந்த கை, மெலிந்த கை, மோதிரம் போட்ட கை. ஈரத் தலையோடு வண்டிக்குள் இருந்து அப்படி ஒரு தோசையை வாங்கித் தின்ன வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அம்மா விடமாட்டாள்.

"ஏட்டி, நம்ம வீட்டில கல்லு இல்லியா, மாவு இல்லியா? தெருவுக்குள்ள இருந்துக்கிட்டு கடையில வாங்கித் தின்னா பாக்கிறவ என்ன நெனப்பா? அது வண்டியில வாரவங்களுக்கு."

ஆக, கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்தக் கடைத் தோசை எனக்கு வாசனைதான்.

அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பதினாலு வயதில் கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டு வாசலில்தான் பந்தல். மறுநாள் விருந்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. என் மாமனாருக்கு அண்ணன் ஒருவர், பெரிய மாமனார். அவர் குளித்து முழுகி வருவதற்குள் முதல் பந்தி எழுந்துவிட்டது. இரண்டாம் பந்தியில் கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இலை போட்டுவிட்டார்கள். பாயசம் வேறு தீர்ந்து போயிற்று. அவர் இலையை மடிக்காமலே எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இனிமே எங்க வீட்டு ஆளு ஒருத்தரும் இந்தத் தெரு மண்ண மிதிக்க மாட்டோம்."

எங்கள் அப்பா போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. "பொண்ணையும் குடுத்து, அவரு காலிலயும் விழணுமாக்கும்" என்று அவரும் துண்டை உதறிக்கொண்டார். ஆளுக்கொரு துண்டு. நடுவில் நானும் அம்மாவும்.

மறுவீடு கிடையாது. ஆடி கிடையாது. தலைப்பிரசவம் கூடப் பாவூரில்தான் நடந்தது. கடுதாசி எழுதலாம்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அப்பாதான் வாசிக்க வேண்டும். அம்மாவிடம் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், "அவங்க வண்டி பக்கத்தில நீ போய் நின்னா நான் போய் நின்ன மாதிரி" என்று.

கல்யாணம் ஆன வருஷம் சாரலுக்கு எங்கள் வண்டியும் குற்றாலத்துக்குக் கிளம்பியது. உள்ளே என் மாமியாரும் நானும். முன்னால் என் வீட்டுக்காரர் ஓட்டினார். என் மாமியார் ஆகிருதியான மனுஷி. வாயும் பெரிது, பசியும் பெரிது. குற்றாலத்துக்கு வேறு ரோடு இல்லையே, எங்கள் தெரு முக்கு வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது, "அந்தப் பக்கம் திரும்பாத" என்றாள். நான் திரும்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினேன். திரை இடுக்கில் எங்கள் வீட்டு முருங்கை மரத்தின் உச்சி தெரிந்தது.

குளித்துவிட்டுத் திரும்பும்போது தோசை வாசனை வண்டிக்குள் வந்தது. மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, வண்டிய நிறுத்து."

"யம்மா, பெரியப்பா சொன்னது..."

"பெரியப்பா மண்ண மிதிக்கக்கூடாதுன்னுதானே சொன்னாரு? தோசையத் திங்கக்கூடாதுன்னா சொன்னாரு? நான் என்ன வண்டிய விட்டா இறங்குதேன்? நிறுத்துலே!"

கடைக்கார அக்கா திரையை விலக்கினாள். என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவள், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இலையை நீட்டினாள். நான் கையை நீட்டி வாங்கினேன். எத்தனை வருஷத்து ஆசை! தின்றேன், ருசி தெரியவில்லை. மூன்று வீட்டுக்கு அப்பால் அம்மா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்றுதான் இருந்தது.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் போனோம். திரும்பும்போது அதே மரத்தடி. இந்தத் தடவை இலையில் தேங்காய்ச் சட்னி இல்லை, ஒரு உருண்டைத் துவையல் இருந்தது. ஒரு வாய் வைத்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. உளுந்து வறுத்து, வத்தல் மிளகாய், தேங்காய், புளி எல்லாம் எல்லாரும் வைப்பதுதான். அம்மா மட்டும் பூண்டைத் தோலோடு தணலில் சுட்டு, கருகின தோலை உரித்துவிட்டு வைத்து அரைப்பாள். அந்தப் புகை வாசனை வேறு யார் கைத் துவையலிலும் எனக்குத் தெரிந்து கிடையாது.

கடைக்கார அக்கா என் கண்ணைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள்.

பின்னால்தான் விவரம் தெரிந்தது. எங்கள் வலத்து மாட்டின் சலங்கைக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. ஒரு மணி உடைந்து போய்க் கிண் கிண்ணென்று வராமல் கட் கட்டென்று வரும். காலையில் வண்டி முக்கைக் கடந்து போகும்போது அம்மாவுக்கு அது கேட்டுவிடும். உச்சிக்குத் திரும்பி வரும் என்று கணக்கு. கிணற்றுக்குப் போகிற மாதிரி குடத்தை எடுத்துக்கொண்டு பின்வழியாகக் கடை அடுப்படிக்கு வந்து, துவையல் அரைத்து வைத்துவிட்டுப் போய்விடுவாளாம். வண்டிப் பக்கத்தில் நிற்கக்கூடாதே, அப்பா சொல்லையும் மீறவில்லை.

"இந்தக் கடைக்காரி என்னத்தப் போட்டு அரைக்கான்னு தெரியலியே" என்பாள் மாமியார், விரலை வழித்துக்கொண்டே. "ஏளா, இன்னும் கொஞ்சம் கொண்டா." நான் தலையைக் குனிந்துகொள்வேன். என் பங்கிலும் பாதியை அவள் எடுத்துக்கொள்வாள். அதுதான் எனக்கு வருத்தம்.

மகள் பிறந்து ஏழாம் மாசம், மறுபடி சாரல். மரத்தடியில் வண்டி நின்றதும் பிள்ளை புழுக்கத்தில் வீரிட்டு அழுதது. கடைக்கார அக்கா இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளைய இங்கன தாங்க ஆச்சி, நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க. கிணத்தடியில காத்து வருது."

கிணற்றடியில் அன்றைக்கு யார் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாமியார் கையில் தோசை. என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "கீழ விட்டுறாத, காலு மண்ணில படக்கூடாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிள்ளை உள்ளே போனது. அழுகை நின்றது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் என் அம்மா மடியில் என் பிள்ளை இருக்கிறது. எழுந்து நடந்தால் பத்தடி தூரம். நான் திரை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு இருந்தது. மாமியார் அதைப் பார்த்தாள். பாவாடையை இழுத்துக் காலை மூடிவிட்டு, "ஓட்டு வண்டிய" என்றாள்.

அடுத்த வருஷம் பஸ் வந்துவிட்டது. எல்லாரும் பஸ்ஸில் போகிறார்கள், நாம் மட்டும் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு போவதா என்று மாமியாருக்கு ரோஷம். பஸ் எங்கள் முக்கில் நிற்காது. பூவரச மரம் ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறைந்துவிடும். முருங்கை மரத்தைத் தேடிக் கழுத்தைத் திருப்புவதற்குள் ஊரே முடிந்துவிடும். பஸ்ஸுக்குச் சலங்கை ஏது? நான் போவதும் வருவதும் அம்மாவுக்குத் தெரியாது. வண்டியில் போன காலத்தில் முகம் பார்க்காவிட்டாலும் அவள் கை நாக்கில் பட்டது. பஸ்ஸில் அதுவும் இல்லை. ஆறு சாரல் அப்படிப் போயிற்று.

அப்புறம் யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லை என்று பஸ்களில் கரி போட்டு ஓட்டினார்கள். பின்னால் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய், அதில் கரி கனன்றுகொண்டிருக்கும். நினைத்த இடத்தில் அவிந்துவிடும். ஒரு சாரலில் குற்றாலத்திலிருந்து திரும்பும்போது, மாமியாரும் நானும் மட்டும்தான். மகளுக்குச் சளி என்று அவள் அப்பாவோடு விட்டுவிட்டு வந்திருந்தோம். தென்காசிக்குள் நுழைகிற இடத்தில் பஸ் முனகி, இருமி, நின்றுவிட்டது. பார்த்தால் பூவரச மரம்.

"எல்லாரும் இறங்குங்க, கரி மாத்தணும், புகையடிக்கும்" என்று கண்டக்டர் கத்தினார். பின்னால் இருந்தவர்கள் நெருக்க, நானும் இறங்கிவிட்டேன். கீழே நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. வெறுங்கால். எங்கள் தெரு மண். நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் ஜன்னல் ஓரமாக என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, நீங்களும் இறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"நான் இறங்க மாட்டேன்."

"புகை கண்ணக் கரிக்கும் ஆச்சி."

"என் கண்ணு, நான் பாத்துக்கிடுதேன். நீ போய்க் கரியப் பாரு."

பிறகு ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்து, வண்டியில் இருந்து கூப்பிடுகிற அதே குரலில், "ஏளா, நாலு தோசை கொண்டா. அந்தத் துவையலோட" என்றாள்.

கடைக்கார அக்கா வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். எங்கிருந்துதான் அவளுக்குத் துணிச்சல் வந்ததோ!

"துவையல் இல்ல ஆச்சி. அரைக்கிறவ மூணாவது வீட்டில இருக்கா. கூப்பிடட்டுமா?"

பஸ்ஸுக்குப் பின்னால் கரியை ஊதிவிடக் கைவிசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகைதான்.

"கூப்பிடு. பின்ன துவையல் இல்லாம எப்படித் திங்க?" என்றாள். என்னிடம், "நீ என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கே? போய் அம்மிகிட்ட நில்லு. வெரசா ஆகட்டும்" என்றாள்.

அவளுக்கு அந்த விஷயம் எப்போதிருந்து தெரியும் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

அம்மா பின்வழியாக வந்தாள். மாவு ஒட்டின கை. இளைத்திருந்தாள், என்னைவிடக் குள்ளமாகத் தெரிந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, "சொல்லியிருந்தா அரைச்சி வச்சிருப்பேனே" என்றாள். உடனே அம்மிக்குப் போய்விட்டாள். நான் தணலில் பூண்டைப் போட்டேன். அவள் மிளகாயை நசுக்கினாள். நான் தேங்காயை அள்ளி அள்ளிக் குழவிக்கு நகர்த்தினேன். கை கையில் பட்டது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"பிள்ள வரலியா?"

"சளி."

"எவ்வளவு உசரம் இருக்கா?"

என் இடுப்புக்கு நேரே கையைக் காட்டினேன். அம்மா துவையல் அப்பின கையை அதே உயரத்தில் நீட்டி வைத்து அந்த இடத்தைப் பார்த்தாள். தலையைத் தடவுகிற மாதிரி கையை ஒரு தரம் அசைத்தாள். அப்புறம் குழவியைப் பிடித்தாள்.

ஒன்பது வருஷமாக நான் அவளிடம் கேட்க வேண்டும், சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ வைத்திருந்தேன். பிரசவத்தில் அவளைக் கூப்பிட்டுக் கத்தினதைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கடைசியில் நான் கேட்டது, "உப்புப் போட்டாச்சா?" என்பது.

"போட்டாச்சு" என்றாள். ஹாரன் அடித்தார்கள்.

அடுத்த சாரல் வருமுன் அம்மா போய்விட்டாள். பெரிய மாமனார் துட்டி கேட்க வந்தார். எங்கள் தெருவில் நடந்துதான் வந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று எனக்கு இருந்தது. நான் அவர்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மாவோடு துவையல் அரைத்த அன்றைக்கு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இலையை மாமியாரிடம் கொடுத்தேன். துவையல் சரியாக மசியவில்லை, உளுந்து பல்லில் நறுக்கென்றது. "இன்னும் நாலு இழுப்பு இழுத்திருக்கணும்" என்றாள். ஒரு தோசையை மட்டும் வெறுமனே பிய்த்துத் தின்றாள். மிச்சத்தை மடித்து என் மடியில் வைத்தாள்.

"உங்கம்மை அரைச்சது. நீயே தின்னு. எனக்கு வேண்டாம்."

பாவூர் வரைக்கும் விரல் நுனியில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டே வந்தேன். அந்த ஒரு தடவைதான் முழு உருண்டையும் எனக்கு.