நிறைத்துக் கொடுத்த பிஸ்கட் பேணி

புதிதாக வந்த அகதிகளுக்குக் கொடுக்கவென்று மகள் வாங்கிவந்த தகரப் பேணியைத் திறந்ததும், அந்தக் கறுவா மணத்தில், இன்று கார்த் தரிப்பிடமாகிவிட்ட துன் நகர அகதி முகாமின் நடைகூடம், ஈரச் சப்பாத்தும் பொரித்த எண்ணெயும் மணக்க எனக்குள் திரும்பி வந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் விடுமுறையில் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து எங்களுக்குப் பிஸ்கட்டும் பழைய கம்பளிச் சட்டைகளும் தருவார்கள். அப்பா மட்டும் லுசேர்ண் ஹோட்டலில் அவர்களைப் போன்றவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை, பேணியையும் சேர்த்துத்தான் பரிசு என்று தெரியாத அம்மா, "வெறும் ஏதனம் திருப்பிக் குடுக்கக் கூடாது" என்று, பிஸ்கட்டை எங்களுக்குக் கொட்டிவிட்டு, அப்பாவுக்குச் சுட்டுவைத்த உழுந்து வடைகளால் அதை நிறைத்துக் கொடுத்தாள். பேணியைத் தந்த பெண் சிரித்தபடி வாங்கிப்போனாள்.

பின்னேரம் நானும் அம்மாவும் அப்பாவைக் கூட்டிவரப் போனபோது, பஸ் தரிப்பிடக் குப்பைத்தொட்டியில் அந்தப் பேணி வடைகளோடு கிடந்தது. அம்மா மூடியைச் சரியாக மூடிவிட்டு, "அப்பாட்டைச் சொல்லாதை" என்றாள்.

"அம்மா, பேணியோடையே குடுக்கவோ?" இப்போது மகள் என்னைக் கேட்டாள்.

"வேண்டாம். கடதாசிப் பையிலை போடு."