போர்வைக்குக் கீழே ஓர் அட்டை

மயிலாப்பூரில் எங்கள் பால்காரர் தினமும் என்னைப் பார்த்து, “பர்மாவுல இன்னா நைனா சேதி?” என்று கேட்கிறார். நான் அங்கிருந்து நடந்து வந்து நாலு வருஷமாகிறது, யுத்தமே முடிந்துவிட்டது. ரங்கூனில் நான் அச்சுக் கோத்தவன். அங்கிருந்த பதினெட்டு வருஷமும் தமிழ் ஆட்கள் இருந்த இரண்டு தெருவைத் தாண்டாதவன். அங்கே என்னை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் பர்மா முழுவதும் கரைத்துக் குடித்தவனாகிவிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பிய உங்களில் பலருக்கும் இந்தப் பட்டம் கிடைத்திருக்கும்.

எனக்குத் தெரிய வேண்டியதோ ஒன்றே ஒன்று. என் மனைவி பிலோமினாவைப் புதைத்த இடம். வரும் வழியில், மலைமேல் ஏதோ ஒரு கிராமத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். போர்த்த எங்களிடம் ஒன்றுமில்லை. ஒரு மலைக்காரி தன் தோளில் கிடந்த போர்வையை எடுத்து அவள்மேல் போட்டாள். கறுப்புத் துணி, சிவப்புக் கரை, கரை முழுக்க வெள்ளைக் கட்டங்கள். மழை பிடித்துக்கொள்ளும் என்று கூட வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஊர்ப் பெயரைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டேன், பாவி. கல்லறைத் திருநாளன்று சாந்தோமில் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு போகும்போது அவள் தங்கை ஆரோக்கியம், “அக்காவுக்கு எங்க மாமா ஏத்தறது?” என்பாள்.

போன மாதம் அடையாறில் ஒரு தோட்டத்து பங்களாவில் மலைஜாதியாரின் கைவேலைகளையும் இந்தக் காலத்து ஓவியங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தார்கள். நீல முகமும் கோணல் கண்ணுமாக இருந்த ஓவியங்களுக்கு முன்னால் நின்று கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கம் திரும்பினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே போர்வை. அதே வெள்ளைக் கட்டங்கள். கீழே அட்டையில் ‘மலைஜாதிப் போர்வை, பர்மா எல்லை’ என்று மட்டும் இருந்தது. பொறுப்பாளராக இருந்த மயிலாப்பூர் இளைஞரிடம் ஓடினேன்.

“சார், இது எந்த ஜனங்களுடையது? எந்த ஊர்?”

“ஒரு துரை குடுத்தது. அவரும் சீமைக்குப் போயிட்டார். நீங்க பர்மாவிலேர்ந்து வந்தவரா? பேஷ்! நீங்களே சொல்லுங்கோ, எழுதிண்டுடறேன்.”

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு விடாமல் கேட்டார். ஆற்றைக் கடந்த ஏழாம் நாள், ஓர் ஓடைக்கு மேலே, செத்தவள்மேல் போர்த்தினார்கள் என்று சொல்லிவிட்டு, அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் வெளியேறிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், அக்காமேல் கிடந்தது எப்படி இருக்கும் என்று காட்ட ஆரோக்கியத்தை அழைத்துப் போனேன். எனக்கு முன்பே அவள் அட்டையைப் படித்துவிட்டாள். புது அட்டை, அழகான அச்சு. ‘ஆற்றுக்கு அப்பால் ஏழு நாள் நடையில், ஓடைக்கு மேல் வாழும் மலைஜாதியார் இறந்தவர்மீது போர்த்தும் துணி.’ ஒருத்தியின் இரக்கம் ஒரு ஜாதியின் வழக்கமாகிவிட்டது. அச்சில் வந்ததை ஜனங்கள் எப்படி நம்புவார்கள் என்று அந்தத் தொழில் செய்த எனக்குத் தெரியாதா?

“பாருங்க மாமா, போட்டுக்கீது! எடம் தெரிஞ்சி போச்சி! யாரோ வெவரம் தெரிஞ்சவங்க எழுதிக்கீறாங்க. ஒரு தபா போய் அக்காவப் பாத்துட்டு வந்துடலாம் மாமா!”

பட்டணத்தில் எனக்கு வீடு இருக்கிறது, பங்குக் கோயில் இருக்கிறது. என் மண் எது என்றால் சொல்லத் தெரியவில்லை. அந்த வார்த்தைகள் என்னுடையவைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆரோக்கியம் அவற்றை ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி முடித்து, அந்தப் பக்கத்தை முத்தமிட்டுக்கொண்டிருந்தாள்.