கிளீட்டஸ் சாரின் நாய்ப் பாடம்

குவைத்தில், ஹாரன் அடித்தே ஆளைக் கூப்பிடும் ஒரு முதலாளிக்குப் பத்தொன்பது வருடம் கார் ஓட்டிவிட்டு மணவாளக்குறிச்சிக்குத் திரும்பிய கிளீட்டஸ், ஆன்லைனில் மூன்று மாதம் உளவியல் படித்துச் சான்றிதழ் வாங்கினான். அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி லீமா தும்மினால்கூட அதற்கு நனவிலி மனத்தில் ஒரு காரணம் கண்டுபிடித்தான். அவள் சாவியைத் தொலைத்தால் அது அடக்கிவைத்த ஆசை. அவனே தொலைத்தால் மட்டும் அது வெறும் மறதி.

சனிக்கிழமை முன்னறையில் வகுப்பு. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். லீமா டீத் தட்டோடு வந்தபோது கோயிலில் நண்பகல் மணி அடித்தது. அவள் தட்டை வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள்.

கிளீட்டஸ் விடுவானா?

“பாத்தியளா? இது பக்தி இல்ல. மணியடிச்சா சோறு வரும்னு பழகுன நாய்க்கு, மணிச் சத்தம் கேட்டாலே எச்சி ஊறும். இவளும் அப்படித்தான். இதுக்குப் பேரு ஆக்கநிலையுறுத்தல். என்னய மாதிரி மனச அடக்கத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் கெடையாது.”

எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. கிளீட்டஸ் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான். காரின் பின்கதவைத் திறந்து பிடித்து, தலை குனிந்து நின்றான். பின் சீட்டில் யாருமே இல்லை. வழி கேட்க நிறுத்திய டிரைவர் திரும்பி அவனைத் திருதிருவென்று பார்த்தார்.

லீமா வாசலுக்கு வந்தாள்.

“சாரே, நாய்ப் பாடம் பாதியில நிக்கு. உள்ள வந்து மிச்சத்தையும் சொல்லுங்க.”