எங்கள் குன்றுக்குப் பஸ் கேட்ட அப்பா

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு மேடேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் ஒரே மகள் வணங்கி எழுதுவது.

அப்பா பிறந்தது தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயதிலேயே சிமெண்டுச் சட்டி சுமந்து, பிறகு கரண்டி பிடித்து, கொத்தனாராகத் திருவனந்தபுரம் வந்தார்கள். இந்த நகரத்தில் அப்பாவின் கை படாத தெரு குறைவு. எங்களுக்கென்று வீடு கட்டியது மட்டும் குன்றின் உச்சியில், மற்றவர்கள் ஏறத் தயங்கிய மூன்று சென்ட் நிலத்தில்.

அங்கிருந்துதான் நான் படிக்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிமெண்டுப் பையின் தாளை உதறித் துடைத்து என் புத்தகங்களுக்கு அப்பாதான் அட்டை போடுவார்கள். அதே பள்ளிக்கூட வாசலில் அப்பா பேசிய மலையாளத்தைக் கேட்டு நான் கூசி நின்றதும் உண்டு. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

குன்றுப் பாதைக்கு மூன்று வளைவுகள். மழை என்றால் ஆட்டோ முதல் வளைவைத் தாண்டாது. ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் வளைவில் அப்பாவுக்குக் கால் வழுக்கியது. நாற்காலியை விடாமல் முழங்காலில் விழுந்தார்கள். அம்மா பிழைத்துவிட்டார்கள். ஆனால் அப்பா அதை மறக்கவில்லை. "அடுத்த தடவ நான் விட்டுட்டேன்னா என்ன மக்ளே செய்ய?" என்று என்னிடம் கேட்டார்கள்.

மறுவாரமே டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று வளைவுகளையும் அளந்தார்கள். பெரிய பஸ் திரும்பாது, சின்ன பஸ் திரும்பும். மூன்றாம் வளைவில் மட்டும் ராதம்மா சேச்சி வீட்டு மதில் இரண்டடி உள்ளே போக வேண்டும். கணக்கு அவ்வளவுதான். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, தமக்குத் தெரிந்த மலையாளத்தில், பஸ் எங்களுக்கு அவசரம் என்றார்கள். "எல்லாவர்க்கும் அவசரம் கிட்டும், அண்ணாச்சி" என்று செயலாளர் சார் அன்போடு சொன்னார். அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. அன்று மாலை கல்லூரி விடுதியில் இருந்த எனக்கு அப்பாவின் போன் வந்தது. "எல்லாருக்கும் அவசரந்தானாம், அவங்களே சொல்லியாச்சு."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வரிசைப்படி எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கும் என்று சார் சொல்லியிருக்கிறார். அப்பா தமிழில் சொன்னதால் எனக்கும் அது உறைக்கவில்லை. ஆறு மாதம் காத்திருந்தோம். விடுமுறைக்கு வந்தபோதுதான் கூட்டக் குறிப்பை வாசித்தேன். பஸ், ஓடைக்கும் தெருவிளக்குக்கும் கீழே கடைசி வரியில் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. "அப்போ அவசரத்துக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார்கள்.

"அடியந்திரம்" என்றேன்.

"அது செத்த வீட்டுச் சோறுல்லா?"

நம் பக்கத்தில் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு பொருளும் உண்டு என்று விளக்கினேன். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார்கள். பிறகு, "எழுது. நம்ம அடியந்திரத்துக்கு முன்ன வந்தாச் செரி" என்றார்கள்.

அடியந்திரம் என்று போட்டே விண்ணப்பம் எழுதினேன். வீடு வீடாக ஏறி இறங்கி அப்பா கையெழுத்து வாங்கினார்கள். தம் கையெழுத்தை மட்டும் நான் சொல்லிக் கொடுக்க, மலையாளத்தில் போட்டார்கள். ராதம்மா சேச்சி மதிலை இடிக்கச் சம்மதித்த அன்றே இடித்து, இரண்டடி தள்ளிப் புதிதாகக் கட்டியதும் அப்பாதான். நெஞ்சில் சிமெண்டுத் தூசி அடைந்து இருமத் தொடங்கியிருந்த காலம் அது. அப்பா கட்டிய கடைசி மதிலும் அதுதான்.

குன்றிலிருந்து நகரத்துப் பழவங்காடிக்கு முதல் பஸ் புறப்பட்ட நாளில் அப்பா ஏறவில்லை. அம்மாவை ஏற்றிவிட்டு, மதிலருகே நின்று, வண்டி உரசாமல் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஏறியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். ஒவ்வொரு முறையும் மூன்றாம் வளைவில் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். மதிலில் உரசாது என்பதை, "தட்டூல, அண்ணாச்சி" என்று சொல்வார் ஓட்டுநர் பிஜு அண்ணன்.

கையெழுத்திட்ட எல்லா வீட்டாருக்கும், இடம் விட்ட ராதம்மா சேச்சிக்கும், அந்த விண்ணப்பத்தைப் பஸ் அலுவலகத்தில் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்த செயலாளர் சாருக்கும், அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய பிஜு அண்ணனுக்கும் அம்மாவும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்று அப்பாவின் அடியந்திரம். வண்டி அதற்கு முன்பே வந்துவிட்டது. நீங்களும் அதில்தான் ஏறி வந்திருப்பீர்கள். திரும்பும்போதும் யாரும் நடந்து இறங்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் வண்டி வாசலில் நிற்கும்.