மருந்துக்கடை மையும் என் சகலையும்

சொக்கலிங்கம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் கையில் பேனா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்குடியில் அவருடைய மருந்துக்கடை மாடியில் ஞாயிறுதோறும் பேனாக் கோடுகளால் படம் வரையும் நம் கோட்டுப்படக் கூட்டம் கூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அன்றைக்கு அவரை வாயடைக்க வைப்பதற்கென்றே ஒரு தாளை வாரம் முழுக்க நுணுக்கி நுணுக்கி நிரப்பி, கடைசி மூலைக்கு வந்திருந்தேன். என் மனைவி விசாலம் போனைக் காதில் வைத்தபடியே சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மீனா வீட்டுக்காரக போயிட்டாகளாம். காலையில எழுப்பினா எந்திரிக்கவே இல்லையாம்."

மீனாள் அவளுடைய தங்கை. அக்காளை நானும் தங்கையைச் சொக்கலிங்கமும் கட்டிக்கொண்டதால் நாங்கள் சகலைகள். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு ஆண்களை உலகம் தராசுத் தட்டில் வைத்தே பார்க்கும். என் தட்டு கல்யாணத்தன்று மேலே போனது. இன்று வரை கீழே இறங்கவில்லை.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பொறாமை வந்தது. இரவு சாப்பிட்டிருக்கிறார். ஒரு தாளை முடித்திருக்கிறார். பேனாவின் முள்ளைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். அவ்வளவுதான். சாவில்கூட ஒரு பிசிறு இல்லை. எனக்கெல்லாம் எமன் வந்தால், மூக்குக் கண்ணாடியைத் தேடுவதிலேயே அவனுக்கு அரை நாள் வீணாகும். விசாலம் அவனிடமும் என்னைப் பற்றிக் குறை சொல்லி முடித்த பிறகுதான் கிளம்ப முடியும்.

கோட்டையூரில் அவர் வீட்டுத் தெருவில் அன்று கூடிய கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். ஐந்து லட்சம் பேர் இருப்பார்கள் என்று நான் மதிப்பிட்டேன். ஐந்நூறு என்றாள் விசாலம். அவளுக்குக் கணக்கு வராது. எப்படியிருந்தாலும், நான் போனால் அதில் பாதி வராது என்பது அந்தக் கூட்டத்தில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

நண்பர்களே, உங்களுக்கெல்லாம் அவர் அண்ணன், ஆசான், முக்கால் டாக்டர். எனக்கு அவர் காலில் தைத்த முள். காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. நான் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் உதிக்கிறது என்ற உண்மையை இந்தச் சீமைக்கே அறிமுகப்படுத்தியவன் நான். எனக்கு முன்னால் இங்கே தென்னை மரங்கள்கூட ஒழுங்காக வளைந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லாவிட்டால் சொல்லியிருக்க வேண்டும். அவரோ மருந்துக்கடைக்காரர். அறுபதைத் தாண்டிய பிறகு பேனா பிடித்தவர்.

அதற்குப் பிரஷர்தான் காரணம். ஒரே டாக்டர் எங்கள் இருவரையும் சோதித்து, இருவருக்குமே கூடுதலாக இருக்கிறது, தினமும் தியானம் செய்யுங்கள் என்றார். நான் மறுநாளே சம்மணம் போட்டுக் கண்ணை மூடி, அருமையாகத் தூங்கினேன். சொக்கலிங்கம், "கண்ணை மூடுனா கடைதான் தெரியுது சகலை. தொறந்துக்கிட்டே செய்யிற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, பக்கவிளைவுகளையெல்லாம் பொடி எழுத்தில் அச்சடித்த சன்னத்தாள், அதன் வெறும் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஒரே வளைகோட்டைத் திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தார். கட்டம் நிறைந்ததும் பக்கத்தில் இன்னொரு கட்டம். ஒரு மாதம் ஒரே வளைவு. எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அவர் பிரஷர் இறங்கியது. அதைப் பார்த்து என்னுடையது ஏறியது.

கடையில் இருந்த பிரஷர் கருவியை அவரே என் கையில் சுற்றிப் பார்ப்பார். "மூச்சை விட்டுக்கிட்டே கோட்டை இழுங்க சகலை. நீங்க மூச்சைப் புடிச்சுக்கிட்டு வரையிறீக. கோட்டுக்கும் மூச்சு முட்டுதுல்ல?" என்பார். ஒரு டிராயிங் மாஸ்டருக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுக்கிறார்! அப்போது முள் எங்கே போய் நின்றது என்பதை நான் விசாலத்திடம் சொல்லவில்லை.

அவர் கடையில் மையாகப் பயன்படுத்தாத மருந்தே குறைவு. புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் தண்ணீர் கலந்து பேனாவில் ஊற்றினார். சன்னத்தாளில் அது ஊறிப் பரவிக் கம்பளிப்பூச்சியானது. பழுப்புக் கவரில் கறுத்தது. கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பில் உட்காராமல் முத்து முத்தாக உருண்டது. மனிதர் ஒவ்வொன்றையும் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி ஆனந்தப்பட்டார். ஒரு மாதம் அவர் விரல்கள் ஊதா. கைகொடுத்தவர்கள் விரல்களும் ஊதா. கோட்டையூர் டவுன் பஸ்ஸின் மேல்கம்பி ஊதா. எதிர்க்கட்சி ஒன்று புதிய கொடி கண்டுவிட்டதாக ஊரில் வதந்தி பரவியது என்று கேள்வி. கிளப்பியவன் நான்தான் என்பது பொய்.

டிஞ்சர் அயோடினை நினைத்தால் இன்னும் எரிகிறது. வடித்த கஞ்சியைத் தாளில் தடவிக் காயவைத்து, அதன் மேல் அயோடினால் கோடு போட்டார். பழுப்புத் தண்ணீர் தாளைத் தொட்டதும் கருநீலமாக மாறியது. அப்படி அவர் வரைந்த தாமரை அடுக்குகளை நீங்கள் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன், அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நாளாக ஆக அந்த நீலம் வெளிறிக்கொண்டே வந்தது. கண்ணாடி போட்டு மாட்டுங்கள், போட்டோவாவது எடுங்கள் என்று நான்தான் குதித்தேன்.

"போனாப் போகுது சகலை. வரைஞ்சு முடிச்சாச்சுல்ல."

நான் நாலாம் வகுப்பில் வரைந்த பூசணிக்காயைக்கூடச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு மனிதனோடு எப்படிப் போட்டி போடுவது?

அதையும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். மூடிய கிளினிக் ஒன்றிலிருந்து அவருக்கு ஈ.சி.ஜி. எடுக்கும் காகிதச் சுருள்கள் கிடைத்தன. அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களின் மேல் அவர் ஒரு அலையை நீளமாக ஓட்டிக்கொண்டு போனார். எனக்கும் ஒரு சுருள் தந்தார். நான் பத்து நாள் தூக்கத்தைத் தொலைத்து, இளையாத்தங்குடிக்குப் போய்த் திரும்பும் அளவு நீளமாக ஒரு கொடியை வரைந்தேன். இலை, இலைக்குள் நரம்பு, நரம்புக்குள் புள்ளி. உலகம் இதுவரை காணாதது. ஒரே ஒரு குறை, தாள் சுருண்டுகொண்டே இருந்தது. கூட்டத்தில் விரித்துக் காட்ட வேண்டுமே என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அந்தத் தாள் சூட்டில்தான் கறுக்கும். அப்படித்தான் அதில் இதயத்தின் கோடே விழுகிறதாம். எனக்கு யார் சொன்னார்கள்? இலை, நரம்பு, புள்ளி எல்லாம் ஒரே கறுப்பு.

"படம் வரையிறேன்னு சொல்லிட்டுத் தாருல ரோடு போட்டு வச்சிருக்கீக" என்றாள் விசாலம்.

சகலை வந்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரித்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அவர் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பெட்டியை எம்புட்டுச் சூடு வச்சீக சகலை?" என்று ஆசையாகக் கேட்டார். அடுத்த ஞாயிறு, பேனா முள்ளை மெழுகுவத்தியில் காட்டிக் காட்டி, மையே இல்லாமல், அதே வகைத் தாளில் மயிரிழைக் கோடுகளால் ஒரு தேன்கூடு வரைந்து கொண்டுவந்தார். எல்லோரும் வாயைப் பிளந்தீர்கள். "இது சகலை கண்டுபிடிச்சதுங்க. நான் சும்மா கையை மட்டும் வச்சேன்" என்று உங்கள் முன்னால் சொன்னார். கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவர் என் தாளைப் பார்த்து வயிறெரிய வேண்டும். பாராட்டு வேண்டாம். பாராட்டை அவர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார். நம் இன்சூரன்ஸ் ஏஜெண்டு செந்தில் அளவுகோல் வைத்தும் கோணலாக ஒரு கோடு போடுவார், அவருக்கும் "அருமை." எனக்கும் அதே "அருமை." செந்தில் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் கோடு நேராகாது. என் தாளைக் கையில் வாங்கும்போது அவர் முகம் ஒரு நொடி சுருங்காதா, பேச்சு ஒரு நொடி தடைபடாதா என்று வாரா வாரம் பூனை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கவேயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளில் சுருங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அதற்குள் போய்விட்டார்.

காரியத்தன்று அவர் தாள்களையெல்லாம் நூலில் கோத்து முகப்பில் தொங்கவிட்டிருந்தீர்கள். நான் ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டு போனேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போது மீனாள் வந்தாள்.

"மச்சான், கொஞ்சம் இங்குட்டு வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஓரமாகப் போனோம்.

"அவுக உங்க படத்தைப் பாத்துப் பொறாமைப்பட்டிருக்காக மச்சான். வெளிய காட்டிக்கிற மாட்டாக. எங்கிட்டச் சொன்னாக."

நான் ஓரடி நெருங்கினேன். "எந்தப் படம்?"

"அதான்... அந்தக் கொக்குப் படம்."

நான் கொக்கு வரைந்ததே இல்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, இந்தக் கூட்டத்திலும் இல்லை. மீனாளின் விரல் மூக்கு நுனியைத் தடவிக்கொண்டிருந்தது. அக்காளும் தங்கையும் பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவார்கள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கற்ற ஒரே கலை அது. அவளுக்குப் பின்னால் விசாலம் நின்று, உத்தரத்தில் இல்லாத ஒட்டடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசாலத்திடம் நான் என் ஆசையைச் சொன்னதே கிடையாது, அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

"என்ன சொன்னாரு?"

"'அந்தக் கழுத்து எனக்கு வராது மீனா'ன்னாக. ரெண்டு நாளு சரியாச் சாப்பிடக்கூட இல்லை."

"சாப்பிடலையா?"

"சோறு திங்கலை. இட்லி தின்னாக."

விட்டுவிட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. "காலைப் பத்தி என்ன சொன்னாரு?"

"காலா?" அவள் அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். அக்காள் ஒட்டடையை விட்டு இறங்குவதாக இல்லை. "காலு கொஞ்சம் மொத்தம், தடிச்சுப் போச்சுன்னாக."

வந்தவர்களுக்குப் பந்தி பார்த்துக்கொண்டு, அழுது அழுது வீங்கிய முகத்தோடு, அந்தப் பெண் எனக்காக ஒரு கொக்கை உண்டாக்கியிருந்தாள். நான் நம்ப வேண்டுமே என்று அதன் காலில் ஒரு குறையையும் வைத்திருந்தாள்.

"ஆமா மீனா. அந்தக் காலு எனக்கே திருப்தி இல்லை" என்றேன்.

அன்று முதல் கொக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். அவர் வயிறெரிந்த படம் என்று ஒன்று இருந்தாக வேண்டுமல்லவா? இல்லாவிட்டால் மீனாள் சொன்னது பொய்யாகிவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கொக்கு. அதை வரையவே கூடாது என்பது இப்போதுதான் உறைக்கிறது. கம்மாய்த் தண்ணீரையும் கோரையையும் சுற்றிலும் கோடு கோடாக நெய்துகொண்டே வந்து, கொக்கு நிற்கிற இடத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். கை போய்த் தொட்டுவிடுகிறது. முதல் தாளில் வந்தது வாத்து. அடுத்ததில் வந்தது தண்ணீர்க் குழாய். "இது என்ன, கூஜாவா?" என்றாள் விசாலம், மூக்கைத் தொடாமல்.

நண்பர்களே, அவருடைய பேனாக்களை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மைப்புட்டிகளைச் செந்தில் எடுத்துக்கொள்ளட்டும், பஸ் கம்பி ஜாக்கிரதை. தாள்கள் மீனாளிடம் இருக்கட்டும். சகலையிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். என்மீது அவர் ஒருநாளும் படாத அந்தப் பொறாமை. அதற்கு வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

நேற்றைய தாளிலும் கழுத்து வரவில்லை. கால் மட்டும், அவர் சொன்னபடியே, கொஞ்சம் மொத்தமாக வந்திருக்கிறது.