மூன்று மணிக்குக் கொத்து, ஆறு மணிக்கு நோன்பு

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மருதமுனையில் ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நான் ஒரே ஒரு சொல்லைச் சொன்னேன்.

‘நோன்பு.’

அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள்ளிருந்து வெளியே வர எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன.

வழமையான வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: பெரியநீலாவணைக்காரி, கல்முனையில் கணினி படிப்பிக்கிறவள், இரண்டு வருடங்களுக்கு முன் மோர்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். இந்தக் கடைசிச் செய்தியைச் சொன்னால் ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை. மது இல்லை, சிகரெட் இல்லை என்றால் தலையாட்டுவார்கள். நல்ல விசயம்தானே? ஆனால் ‘தேநீரும் இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்…

“தேத்தண்ணியுமா?”

“பால் போட்டாலுமா?”

“அப்ப தடிமன் பிடிச்சா என்ன செய்வீங்க?”

என்னோடு படிப்பிக்கிற ஸிஹானா கேட்டதுதான் உச்சம். “மோர்மன் எண்டா… மோர் மட்டும்தான் குடிப்பீங்களாகா?” கேட்டுவிட்டு அவளே மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கோப்பைக்கும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லி நான் களைத்துப்போயிருந்தேன். இதைத்தான் அன்றைக்கு நடந்ததற்குக் காரணமாகச் சொல்லப் போகிறேன். நியாயம் என்று சொல்லவில்லை. காரணம்.

அன்றைக்கு வேலை முடிந்து, மூன்று மணிக்கு ஸிஹானாவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு முட்டைக் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். பிறகு அவளுடைய வீட்டுக்குப் போனோம். நான் அங்கே போவது அதுதான் முதல் தடவை. அவளுடைய தாத்தா ரிஸ்னாவுக்கு எட்டு மாதம். ஆஸ்பத்திரியில் படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வெளியூர் வாசகர்கள் பதற வேண்டாம். எங்கள் கிழக்கிலங்கைக் கரையின் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா.

ஸிஹானா தாத்தாவின் மருந்தை வாங்க பார்மசிக்குப் போய்விட்டாள். ஹாலில் நானும் அவளுடைய உம்மாவும். நீல நிற முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“இரி மகள். உன்னப் பத்திக் கதைக்காத நாள் இல்ல இவள். தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வாறன்.”

வந்துவிட்டது கோப்பை!

மறுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு தமிழ்ப் பிள்ளை, முதன்முதலாக வந்த முஸ்லிம் வீட்டில் கோப்பையைத் தள்ளி வைக்கிறாள். அதற்கு வேறு அர்த்தம் எடுக்க இடமிருக்கிறதா இல்லையா? நானாக இருந்தால் எடுத்திருப்பேன். விளக்கம் சொல்லவோ அரை மணி நேரம் வேண்டும். என் மூளை எப்போதும்போல என்னைக் கேட்காமலே ஓடியது.

“வேணாம் உம்மா… இண்டைக்கு நான் நோன்பு.”

எங்கள் சபையில் உபவாசம் என்போம். அந்தச் சொல்லையே சொல்லியிருந்தால்கூடத் தப்பியிருப்பேன். உம்மாவுக்கு இலகுவாக விளங்கட்டும் என்று அவருடைய சொல்லை எடுத்துக்கொண்டேன். எவ்வளவு கரிசனை, பார்த்தீர்களா!

உம்மாவின் கண் விரிந்தது.

“நோன்பா? அல்ஹம்துலில்லாஹ்! எனக்கும் நோன்புதான் மகள். வியாழக்கிழமைதானே, சுன்னத்து நோன்பு. உங்கட வேதத்திலயும் வியாழன் புடிக்கிறயா?”

“…ஓம் உம்மா.”

எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு பொய்.

“அப்ப எங்க போகப் போற? பாங்கு சொல்ல ஒரு மணித்தியாலம்தான் இரிக்கி. ரெண்டு பேரும் சேந்து துறப்பம்.”

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படி எழுதுவேன்? குசினியில் கஞ்சி கொதித்தது. ரம்பை இலை வாசம் ஹாலுக்கு வந்தது. உம்மா வெங்காயம் அரிந்துகொண்டே, நோன்பாளிக்கு நோன்பாளி என்ற உரிமையில், தன் மனதில் கிடந்ததையெல்லாம் எடுத்து வைத்தார். ரிஸ்னாவுக்கு முன்னே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டார்கள். இது மூன்றாவது. அவள் படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்தபடியே இருக்கிறாள். யாரோடும் அதிகம் கதைப்பதில்லை.

நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் கொத்து அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஸிஹானா மருந்தோடு திரும்பி வந்தபோது, பாய் விரித்து, பேரீச்சம்பழத் தட்டு வைத்து, அதன் இந்தப் பக்கம் உம்மாவும் அந்தப் பக்கம் நானும் இருந்தோம்.

“சத்தம் போடாத, அவளும் நோன்பு” என்றார் உம்மா.

ஸிஹானா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து குந்தினாள். காதுக்குள் சொன்னாள்: “மூணு மணிக்கு என்னோட கொத்துத் திண்ட வாய்க்கா நோன்பு?”

“ஸ்ஸ்…”

“அதுவும் முட்டை போட்டு!”

இதுவரை இது சிரிப்புக் கதைதான். பாங்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உம்மா தட்டைத் தாண்டிக் கையை நீட்டி என் கையைப் பிடித்தார்.

“மகள், நோன்பு துறக்கிற நேரம் நோன்பாளி கேக்கிற துஆ தட்டப்படாது. உன்ட வேதத்தில எப்படிக் கேப்பியோ அப்படிக் கேளு. ரிஸ்னாட புள்ள நல்லபடியா வரணுமெண்டு கேளு.”

அவர் கண்ணை மூடிவிட்டார். உதடு அசைந்தது. நானும் கண்ணை மூடினேன். ‘பரலோகப் பிதாவே’ என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. என்ன என்று சொல்லிக் கேட்பது? பசியில்லாத வயிற்றோடு, பசித்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு?

பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. பழம் தின்றோம். கஞ்சி குடித்தோம். அதற்குப் பிறகு உம்மா குசினிக்குள் போய், ஆவி பறக்க, எதைக் கொண்டு வந்தார் என்று நினைக்கிறீர்கள்?

தேத்தண்ணி!

“நோன்பு துறந்த உடன தேத்தண்ணி குடிச்சா எனக்கு நெஞ்செரிவு உம்மா.”

மூன்று.

புறப்படும்போது அறைக்குள் எட்டி ரிஸ்னாவிடம் சொல்லிக்கொண்டேன். மெலிந்த முகம். பெரிய கண். “தங்கச்சி,” என்றார், “நோன்போட வந்து எனக்காகக் கேட்டிரிக்க. இண்டைக்குத்தான் கொஞ்சம் தைரியமா இரிக்கி எனக்கு.”

கேற்றடியில் ஸிஹானா சிரிக்கவில்லை. “நான் சொல்லமாட்டன்கா. என்ட உம்மாக்கு நான் பொய் சொல்றதுமில்ல. கேட்டா என்ன செய்யிறண்டு எனக்குத் தெரியா. நீயே வந்து சொல்லு.”

வெள்ளியும் சனியும் நான் வேதம் படித்தேன். படித்தேன் என்றா சொன்னேன்? பார்த்தேன். எங்கள் சபையில் வாரத்துக்கு ஒரு பகுதி. வீட்டில் படித்து வந்து ஞாயிறு வகுப்பில் கூடிப் பேசுவோம். அந்தக் கிழமை வகுப்பு எடுப்பது என் முறை. நான் ஐந்து நிற ஹைலைட்டர் வைத்துப் படிக்கிற ஆள். வாக்குத்தத்தம் பச்சை, கட்டளை சிவப்பு, உண்மை என்று வருகிற இடமெல்லாம் மஞ்சள். சனிக்கிழமை காலை பக்கத்தைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் மஞ்சள். என் கையால் நான் தீட்டியது.

அடுத்த நாள் மாதத்தின் முதல் ஞாயிறு. எங்களுக்கு அது உபவாச நாள்: இரண்டு வேளை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. உண்மையைச் சொன்னால், நான் உபவாசம் இருக்கிற அழகு உங்களுக்குத் தெரியாது. முடிந்தவரை நேரம் சென்று எழும்புவேன். மிச்ச நேரம் மணிக்கூட்டைப் பார்ப்பேன். ஒரு நோக்கத்தோடு தொடங்க வேண்டும் என்பார்கள். என் நோக்கம் பெரும்பாலும் அது முடிவதுதான்.

இந்தத் தடவை சனி மாலை சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு முழங்காலில் நின்றேன். “ரிஸ்னா தாத்தாவுக்காக” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கூட்டம். கல்முனையில் வாடகைக்கு எடுத்த ஒரு ஹால், பதினொரு பேர், இரண்டு ஃபேன், அதில் ஒன்று சுற்றாது. முதல் ஞாயிறில் விரும்பியவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். நான் எழுந்தேன். தொண்டை காய்ந்திருந்தது. கொத்திலிருந்து நெஞ்செரிவு வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். முட்டையையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பின் வகுப்பையும் எடுத்து முடித்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் சபையில் சம்பளம் வாங்குகிற போதகர் கிடையாது. எங்கள் சபைக் கிளையின் தலைவர் கிழமை நாட்களில் ஓட்டோ ஓட்டுகிறவர். எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“சகோதரி, நல்லாச் சொன்னீங்க. ஆனா எங்களுக்கு ஏன் சொல்றீங்க? நாங்களா கஞ்சி காச்சித் தந்தம்?”

நான் ஹைலைட்டர்களைப் பையில் போட்டேன்.

“ஓட்டோ வெளியில நிக்குது.”

“ஞாயிறில நீங்க ஹயர் ஓடுறதில்லையே…”

“ஹயர் ஆரு ஓடுற? ஏறுங்க சகோதரி.”

மருதமுனை அவ்வளவு கிட்டவா இருக்கிறது? பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

உம்மா கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிட முன்னரே சொல்லிவிட்டேன். உள்ளே போனால் உட்காரச் சொல்வார்; உட்கார்ந்தால் எனக்கு வாய் வராது. வாசலில் நின்றே சொன்னேன். தேநீர் எங்களுக்கு இல்லை என்பதை. அன்றைக்கு நோன்பு இல்லை என்பதை. வியாழன் என்று ஒன்று எங்களிடம் இல்லவே இல்லை என்பதை.

உம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கிப் போனது. அதை நான் முழுக்கப் பார்த்தேன்.

“தேத்தண்ணி வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லிரிக்கலாமே. நான் என்ன பொலிசா?” முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு: “நோன்பு எண்ட சொல்ல வெச்சி விளையாடப்படாது மகள்.”

“ஓம் உம்மா.”

“அப்ப அந்த துஆ? ரிஸ்னாக்குக் கேட்டியே?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று நாளாகப் பயந்திருந்தேன்.

“கேக்கல்ல உம்மா. வாய் வரல்ல.”

அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. ரிஸ்னா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று விளங்கியது. உள்ளேயிருந்து மெல்லிய குரல்: “இண்டைக்கு ஏன் அந்தப் புள்ளட குரல் காஞ்சிரிக்கி உம்மா?”

“இண்டைக்கு உண்மையா நோன்பு தாத்தா,” என்றேன். “நேத்துப் பின்னேரத்திலிருந்து. தண்ணியும் இல்ல. உங்களுக்காகத்தான்.”

உம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பாங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இரிக்கி. வாசல்ல நிக்காத. உள்ளுக்கு வா.”

அன்றைக்கு உம்மாவுக்கு நோன்பில்லை. ஆனாலும் பாய் விரித்தார். தட்டில் பழம் வைத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து, அதே மாதிரிக் கையை நீட்டினார்.

“அண்டைக்கு நீ கேக்காட்டிப் பரவால்ல. நான் கேட்டன். ரிஸ்னாக்கும் கேட்டன், உனக்கும் சேத்துத்தான் கேட்டன். இண்டைக்கு நீ கேளு.”

கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

பாங்கு சொல்லி முடிந்ததும் உம்மா குசினிக்குள் போய், பெரிய கிளாஸ் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளை வெளேரென்று, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் மிதக்க… மோர்!

“குடி மகள். ஸிஹானா சொன்னாள், உங்கட வேதத்தில இதுதானாம். பேரே அதானாமே?”

கதவுக்குப் பின்னால் ஸிஹானா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

நான்காவது பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ‘ஓம் உம்மா’ என்றால் முடிந்தது, எல்லோருக்கும் சந்தோசம். விழுங்கினேன்.

“இல்ல உம்மா. அது வெறும் பேர். மோருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

உம்மா திரும்பிக் கதவைப் பார்த்த பார்வையில் ஸிஹானா குசினிப் பக்கம் ஓடிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தார்.

“குடிக்கலாம்தானே?”

“குடிக்கலாம் உம்மா.”

“அப்ப குடி.”

இரண்டு வருடமாக வீடு வீடாக அரை மணி நேரம் எடுத்து நான் விளக்கி வந்த விசயம். இவ்வளவுதானா?

“எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க உம்மா,” என்றது அறைக்குள்ளிருந்து ஒரு குரல். நான்தான் கொண்டு போனேன். ரிஸ்னா சாய்ந்தபடியே ஒரு மிடறு குடித்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார். உள்ளே யாரோ உதைத்தார்கள்.

இன்னும் மூன்று கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் உம்மாவோடு நானும் நோன்பு. எங்கள் வேதத்தில் வியாழன் இருக்கிறதா என்று உம்மா இப்போது கேட்பதில்லை.

மூன்று மணிக்குக் கொத்துக் கடையைத் தாண்டும்போது மட்டும் ஸிஹானா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பாசமா, சந்தேகமா என்று இன்னும் விளங்கவில்லை.