கொத்தனார் செவெரோ தட்டிய டோர்ட்டியா

எங்கள் வீட்டுக்கும் செவெரோ வீட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளி வேலிதான். அந்தப் பக்கம் அவன் மனைவி ஒத்தீலியா சோள மாவைக் கைக்குக் கை மாற்றி டோர்ட்டியா ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் பல வருஷமாக எனக்குப் பொழுது விடியும். மழை பெய்கிற மாதிரி வேகமான, மெல்லிய சத்தம். சில வருஷத்துக்கு முன் அவள் விரல்களை முடக்குவாதம் பிடித்தது. அதோடு அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. பெரிய தெருவில் இருக்கிற மெஷின் கடையிலிருந்து செவெரோ தினமும் ஒரு பொட்டலம் டோர்ட்டியா வாங்கி வர ஆரம்பித்தான்.

ஒருநாள் காலையில் மறுபடியும் சத்தம் கேட்டது. ஆனால் அது ஒத்தீலியாவின் கை இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி தப், தப் என்று கேட்டது. நடுவில் ஒரு கெட்ட வார்த்தை. அதற்குப் பின்னால் ஒத்தீலியா வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம். அவள் சிரித்துக் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அடுப்புக்கு முன்னால் செவெரோ மண்டியிட்டிருந்தான். ஊரில் பாதி வீட்டைக் கட்டிய கொத்தனார். கதவில் குனிந்து நுழைகிற உயரம், தட்டு மாதிரி உள்ளங்கை. முழங்கை வரைக்கும் மாவு. பக்கத்தில் முக்காலியில் ஒத்தீலியா, வளைந்துபோன விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிழவா, அது செங்கல் இல்ல. வலிக்காம தட்டு."

"தட்டுறேன் கிழவி. கிழிஞ்சா நான் என்ன பண்றது?"

"ஓரத்துல தட்டு. நடுவுலயே அடிச்சா கிழியாம என்ன செய்யும்?"

எங்கள் ஊரில் கல்யாணமான அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியும் கிழவன் கிழவி ஆகிவிடுவார்கள். இவர்களுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. பிள்ளை இல்லை. ஒருவருக்கு ஒருவர் பிள்ளை மாதிரி இருந்தார்கள்.

என் மகள் எல்விராவுக்கு ஞானத்தகப்பன் செவெரோ. அந்த உறவில் அவன் எனக்குக் கோம்பாத்ரே, நான் அவனுக்குக் கோமாத்ரே. வேலிக்கு மேல் என் தலையைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்தது.

"கோமாத்ரே, யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எதுக்குங்க இந்த வம்பு? கடையில வாங்கறீங்கதானே?"

"அதை அவ பாதி தின்னுட்டு மீதியைத் துணியில மூடி வச்சிடறா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, பாருங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இது மூடி வைக்கிற விஷயமா? சோளத்தை முதல் நாளே சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ஊறவிட வேண்டும், காலையில் தோல் போகக் கழுவ வேண்டும், பிறகு வாளியில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போக வேண்டும். மில் வாசலில் வரிசை முழுக்கப் பெண்கள். அதில் தலை ஒரு முழம் உயரமாக, வாளியோடு செவெரோ.

"என்ன கொத்தனாரே, வீட்டுக்காரி எங்க?" என்று கேட்டாள் கசில்தா. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் சமையல் கொட்டகைக்கு அவள்தான் தலைமை.

"அவளுக்குச் சளி." ஒத்தீலியாவின் விரல் விஷயம் ஊருக்குத் தெரியக்கூடாது என்று இருவரும் மறைத்து வந்தார்கள்.

"போன மாசமும் சளின்னீங்களே?"

"அதே சளிதான். இன்னும் போகல."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கம்தான்.

ஆரம்பத்தில் சுவருக்குக் குழைக்கிற அளவிலேயே சோளத்துக்கும் சுண்ணாம்பு போட்டிருக்கிறான். மாவு மஞ்சளாகி, நாக்கு வெந்துபோயிற்று. ஒத்தீலியா ஒரு வாய் தின்றுவிட்டு, "இதைத் திங்கறதா, கிணத்துக்குப் பூசறதா?" என்று கேட்டாளாம். மறுநாள் ஒரு சிட்டிகை குறைத்தான். அதற்கு மறுநாள் இன்னொரு சிட்டிகை. ஈஸ்டர் வருவதற்குள் வட்டம் வட்டமாக வந்துவிட்டது; கைக்கு ஏற்ற மாதிரி பெரிய வட்டம், ஒன்று தின்றால் வயிறு நிறையும். வேலிக்கு மேல் துணியில் சுற்றி எனக்கும் இரண்டு வரும். உப்பைத் தூவி, சுருட்டி, நின்றபடியே தின்பேன். ஒத்தீலியாவின் கன்னத்தில் மறுபடி சதை பிடித்தது.

தச்சு வேலை செய்கிற தாச்சோ, செவெரோவின் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது அவன் சத்தமாகக் கேட்டான்: "அண்ணே, உனக்கு ஒரு பாவாடை தைக்கச் சொல்லட்டுமா? என்ன கலர் வேணும்?"

"எதுவா இருந்தாலும் பை வச்சுத் தைக்கச் சொல்லு," என்றான் செவெரோ. "அளவுகோல் வைக்க எடம் வேணும்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டான். அவனுக்கு அது அவ்வளவுதான். ஆனால் பேச்சு ஒத்தீலியா காதுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் வேலியோரம் வந்து நின்று அழுதாள்.

"என்னால அவன் ஊருக்கே சிரிப்பாயிட்டான், கோமாத்ரே. இனிமே மில்லுக்குப் போகாதன்னு சொல்லிட்டேன். கடை டோர்ட்டியாவே திங்கறேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"சோளத்தை அடுப்புல ஏத்திட்டான்."

அடுத்த ஜனவரியில் எல்விராவுக்குக் கல்யாணம். வாசலில் நான்கு அடுப்பு, மாவு ஒட்டாமல் இருக்கச் சுண்ணாம்பு பூசிய, ரொட்டி சுடும் மண் கல் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண். அன்று காலையில் ஒருத்தி வரவில்லை. அவள் குழந்தைக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மோலே குழம்பு கொதிக்கிறது. மேஜையில் டோர்ட்டியா கூடைகள் காலி. கசில்தா மூன்று அடுப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்தில் செவெரோ ஆண்களோடு விறகு பிளந்துகொண்டிருந்தான். நான் போய் அவன் கையிலிருந்த கோடரியை வாங்கி வைத்தேன்.

"வாங்க கோம்பாத்ரே. நாலாவது அடுப்பு உங்களுக்கு."

கசில்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியில் நின்றாள். "அம்பாரோ, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சம்பந்தி வீட்டுக்காரங்க பார்க்க, ஆம்பளைய அடுப்புல உக்கார வைப்பியா? ஊர் என்ன பேசும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒத்தீலியாவின் குரல் கேட்டது. அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"ஊரு பேசிக்கிட்டுத்தான் இருக்கு, கசில்தாக்கா. எனக்குச் சளியும் இல்ல, காய்ச்சலும் இல்ல. என் கை போயிடுச்சு, பாத்துக்கோங்க. இதால ஒரு கரண்டிகூடப் பிடிக்க முடியல. எனக்குச் சோறு போடறது இவன் கைதான். நான் ஒழுங்கா சாப்பிடணும்னு ஒரு வருஷமா உங்க கேலியை வாங்கிக்கிட்டு வரிசையில நிக்கறான். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

விறகு வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. செவெரோ தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நாலாவது அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டான்.

போட்ட முதல் டோர்ட்டியா கல்லோடு ஒட்டிக் கிழிந்தது. இரண்டாவதும் ஒட்டியது. "சொன்னேன்ல?" என்றாள் கசில்தா. செவெரோ அவளைப் பார்க்கவில்லை. ஈர விரலால் கல்லைத் தடவி, விரலைப் பார்த்தான்.

"கல்லு புதுசு. பூசின சுண்ணாம்பு தண்ணியா இருந்திருக்கு, உதிருது. கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க கோமாத்ரே."

அது அவனுடைய சொந்த வித்தை. கிண்ணத்தில் பால் பதத்துக்குக் கரைத்து, சோளத் தோகையால் கல் முழுக்க ஒரே சீராக இழுத்தான். வெள்ளையாகக் காயும்வரை அவசரப்படாமல் இருந்தான். அடுத்த டோர்ட்டியாவைப் போட்டான். திருப்பினான். ஒத்தீலியா பக்கத்தில் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பொறு… ஓரம் நிறம் மாறட்டும்… ம், இப்ப."

மறுபடி திருப்பியதும் அது நடுவில் மூச்சு வாங்கி, வயிறு உப்பி எழுந்தது. பெண்களில் யாரோ கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அவன் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கசில்தா வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"கொத்தனாரே… என் கல்லுலயும் லேசா ஒட்டுது."

"கொஞ்சம் நகருங்கக்கா, பூசித் தரேன்."

அவள் நகர்ந்தாள். கசில்தா ஒருவருக்காக அடுப்பை விட்டு நகர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தாச்சோ காலிக் கூடையோடு வந்து அண்ணன் முன்னால் நின்றான். கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"பெரியவங்க மேஜைக்கு இன்னும் பத்து கேக்கறாங்க," என்றான் கடைசியில்.

"உனக்கு?"

"எனக்கு ரெண்டு."

செவெரோ மூன்று கொடுத்தான்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு கசில்தா சமையலுக்கு ஆள் கூப்பிடும்போது இவர்கள் வீட்டுக்கும் வந்துவிடுவாள். வாசலில் நின்று, "ரெண்டு பேரும் வரணும், ஒருத்தரா வந்தா உள்ள விடமாட்டேன்," என்பாள். மில் வரிசையில் இப்போது யாரும் செவெரோவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் சுவர் ஒழுகினால் என்ன பூசுவது என்று பெண்கள் அங்கேயே அவனிடம் கேட்டுக்கொள்வார்கள். போன மாதம் ஒரு வயதான தபால்காரர், மனைவியை இழந்தவர், தானும் வாளியோடு வந்து அவனுக்குப் பின்னால் நின்றார்.

ஒத்தீலியாவின் விரல்கள் நிமிரவில்லை. குளிர்நாளில் வலி அதிகம். அப்போதெல்லாம் செவெரோ கல்லிலிருந்து எடுத்த முதல் டோர்ட்டியாவைத் துணியில் மடித்து, அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துவிடுகிறான். சூடு ஆறும்வரை அவள் அதைப் பிடித்துக்கொண்டே, "இன்னைக்கு ஓரம் தடிமன்டா கிழவா," என்று குறை சொல்கிறாள். அவன், "தின்னு பாத்துட்டுப் பேசு," என்கிறான். பிறகு கிள்ளிக் கிள்ளி அவளுக்கு ஊட்டுகிறான்.